'தேத்' என்றால் பானையா, ஓடா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் சொற்களின் பிறப்பு பற்றி வந்த பக்கத்தைப் படித்தேன். பிரெஞ்சில் தலைக்குச் சொல்லும் 'தேத்' என்ற சொல், லத்தீனில் பானையைக் குறித்த 'தெஸ்தா'விலிருந்து வந்தது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வழி சரிதான். அதற்கு அப்புறம் வந்ததுதான் எனக்கு ஒப்பவில்லை. இன்றைய பிரான்ஸுக்குப் பழைய பெயர் கோல், அந்த கோலுக்குப் போன ரோமானியச் சிப்பாய்கள் ஒருவர் தலையை ஒருவர் பானை என்று கிண்டலடித்தார்களாம், படிப்பறிவில்லாத ஜனங்கள் அதைக் கேட்டு அதையே தலைக்குப் பெயராக்கிக்கொண்டார்களாம், ஆகவே பிரெஞ்சு என்பது கெட்டுப்போன லத்தீனாம். ஒரே மூச்சில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். கூடவே கடைசிப் பத்தியில் உயிலைக் குறிக்கிற ஆங்கிலச் சொல்லான டெஸ்டமென்ட்டையும் இதே குடும்பத்தில் சேர்த்துவிட்டார், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இந்தச் சிப்பாய்க் கதை அவர் கிளப்பியது இல்லை, ரொம்ப நாளாகச் சுற்றி வருவது. பிரெஞ்சு படிக்க ஆரம்பித்த காலத்தில் நானும் அதை நம்பி நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தவன்தான். அதனால் கோபமாக எழுதவில்லை, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெஸ்தாவுக்குப் பானை என்று ஒற்றைச் சொல்லில் பொருள் போட்ட இடத்திலேயே கதை தடம் மாறிவிடுகிறது. லத்தீனில் அந்தச் சொல்லுக்குள் இருப்பது சுட்ட மண். செங்கல்லும் தெஸ்தா, கூரையில் வேய்வதும் தெஸ்தா, மண் சாடியும் தெஸ்தா, சாடி கீழே விழுந்து உடைந்தால் கிடக்கிற சில்லும் தெஸ்தா. அதோடு நிற்கவில்லை, நத்தை சிப்பிகள் முதுகில் சுமக்கிற கூட்டுக்கும் அதே பெயர்தான். ஆமைக்கு லத்தீனில் 'தெஸ்தூதோ', அதுவும் இதிலிருந்து முளைத்ததுதான். இதைப் படிக்கிற தமிழர் யாருக்கும் இந்நேரம் ஒரு சொல் நாக்கு நுனிக்கு வந்திருக்கும். ஓடு! கூரை ஓடு, உடைந்த ஓடு, நத்தை ஓடு, ஆமை ஓடு, திருவோடு, அப்புறம் மண்டை ஓடு. தெஸ்தா எங்கெல்லாம் போனதோ அநேகமாக அங்கெல்லாம் நம் ஓடும் போயிருக்கிறது. இவ்வளவு பொருத்தமான சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு பானை என்று மொழிபெயர்த்தால் எப்படி?

அந்த ஓட்டைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்றால் ரோம் நகரத்திலேயே பார்க்கலாம். டைபர் ஆற்றுக்குப் பக்கத்தில் மோந்தே தெஸ்தாச்சியோ என்று ஒரு குன்று இருக்கிறது, சுமார் 35 மீட்டர் உயரம், மேலே புல்லும் செடியுமாகப் பார்ப்பதற்குச் சாதாரணக் குன்று மாதிரிதான் இருக்கும். ஆனால் அதில் பாறை கிடையாது. முழுக்க முழுக்க உடைந்த சாடிகளின் ஓடுகள். ஸ்பெயினிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பலில் ஆலிவ் எண்ணெய் வந்து இறங்கிய பெரிய சாடிகள், எண்ணெய் ஊறிப்போனதால் மறுபடி எதற்கும் பயன்படாது என்று உடைத்து அடுக்கியே ஒரு மலையை உண்டாக்கிவிட்டார்கள். சில ஓடுகளில் எண்ணெயின் எடையும் வணிகர் பெயரும் மையால் எழுதியது இன்னும் அழியாமல் இருக்கிறது. குன்றின் பெயருக்கு உள்ளேயே தெஸ்தா உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். ரோமானியன் காதில் அந்தச் சொல் விழுந்தால் முழுப் பானை மட்டும் அவன் மனதில் வந்திருக்காது, வளைந்த ஒரு துண்டும், மேலே சொரசொரப்பும் உள்ளே வெறுமையுமாக, சேர்ந்தே வந்திருக்கும்.

சரி, ஓடு எப்படித் தலைக்கு ஏறியது? இங்கேதான் கட்டுரையாளர் ஒரு படியைத் தாண்டிக் குதித்துவிட்டார், அந்தப் படியில் ஒரு கவிஞர் நிற்கிறார். பெயர் அவுசோனியுஸ். 4-ஆம் நூற்றாண்டுக்காரர், இன்றைக்கு போர்தோ என்று சொல்கிற ஊரில் பிறந்தவர், அங்கேயே வருஷக்கணக்காக இலக்கணமும் சொற்கலையும் சொல்லிக்கொடுத்தவர். அப்புறம் அரண்மனைக்குக் கூப்பிட்டு வருங்காலப் பேரரசர் கிராத்தியானுக்கு ஆசிரியராக வைத்தார்கள். 379-இல் கான்சல் என்ற உயர்ந்த ரோமானியப் பதவியும் கிடைத்தது. அவர் எழுதிய ஒரு குட்டிக் கவிதையில் முச்சந்தியில் ஒரு மண்டை ஓடு கிடக்கிறது, அடக்கம் செய்ய ஆளில்லாமல் வீசப்பட்டது, தோலெல்லாம் போய் மொழுமொழுவென்று வழுக்கையாக. அதைப் பார்த்து மற்றவர்கள் கண்ணீர் விடுகிறார்கள். அகில்லாஸ் என்று ஒருவன் மட்டும் அசையவில்லை, போதாக்குறைக்கு ஒரு கல்லை எடுத்து அதன்மேல் வீசுகிறான். கல் எலும்பில் பட்டுத் தெறித்துத் திரும்பி வந்து அவன் நெற்றியிலும் கண்ணிலுமே அடிக்கிறது. அந்த மண்டை ஓட்டுக்கு அவுசோனியுஸ் போட்ட சொல்தான் தெஸ்தா. 'மனிதனின் தெஸ்தா' என்று எழுதுகிறார்.

இதில் கிண்டல் எங்கே இருக்கிறது? கொச்சை எங்கே இருக்கிறது? எழுதியவர் பேரரசரின் வாத்தியார். சொல்லப்படுவது செத்த ஒருவனின் எலும்பு. ஓடு மாதிரி வளைந்து, ஓடு மாதிரி உள்ளே வெறுமையாகத் தெருவில் கிடப்பதை ஓடு என்கிறார், நாமும் அதைத்தான் மண்டை ஓடு என்கிறோம், அதில் யாரையும் கேலி செய்கிறோம் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை. பானையிலிருந்து நேராகத் தலைக்கு ஒரே தாவலாகத் தாவினால்தான் நடுவில் ஒரு நகைச்சுவை தேவைப்படுகிறது. சுட்ட மண், உடைந்த ஓடு, மண்டை ஓடு, தலை என்று படிப்படியாக வந்தால் சிப்பாயைக் கூப்பிடவே வேண்டாம்.

இந்தப் படிகளை நான் மனதில் கட்டியது என்று நினைக்காதீர்கள். லத்தீனின் பிள்ளைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு படியில் நின்றுவிட்டன, போய்ப் பார்த்தால் வரிசையாகவே தெரியும். ஸ்பானிஷ் மொழியில் 'தியெஸ்தோ' என்றால் பூச்செடி வைக்கிற மண்தொட்டி, அது இதே வேரின் இன்னொரு கிளை, மண்ணை விட்டு நகரவே இல்லை. ருமேனிய மொழியில் 'ட்சேயஸ்த' என்றால் மண்டை ஓடு, அதாவது அவுசோனியுஸ் விட்ட இடத்திலேயே நிற்கிறது. உயிரோடு இருப்பவன் தலைக்கு அங்கே பழைய லத்தீன் வழியில் வந்த 'கப்' என்ற சொல்தான். போர்ச்சுக்கீசியத்தில் 'தெஸ்தா' என்றால் நெற்றி, முகத்துப் பக்கமாகக் கொஞ்சம் இறங்கிவிட்டது. பிரெஞ்சிலும் இத்தாலியனிலும்தான் முழுத் தலையையும் பிடித்துக்கொண்டது. பிரெஞ்சிலேயே கூட ஓடு என்ற பழைய பொருள் செத்துப்போகவில்லை, 'தெஸோன்' என்றால் இன்றும் உடைந்த பாட்டில் சில்லு, பானைச் சில்லு. மதில்மேல் கண்ணாடிச் சில்லு பதித்திருப்பதைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்கிற பிரெஞ்சுக்காரருக்கு அது தன் தலைக்கு உறவு என்று தெரிந்திருக்க வாய்ப்புக் குறைவு.

கேலியே கிடையாது என்று நான் சாதிக்கவும் இல்லை. பாத்திரத்தைத் தலைக்குப் பெயராக வைக்கிற விளையாட்டு எல்லா ஊரிலும் உண்டு, இன்றைய பிரெஞ்சுப் பேச்சிலேயே தலையைக் காப்பி கெண்டி என்பார்கள், கண்ணாடி ஜாடி என்பார்கள். ஜெர்மனில் நடந்ததைப் பாருங்கள். அங்கே தலைக்குப் பழைய சொல் 'ஹவுப்ட்', லத்தீனின் 'காபுத்'துக்குத் தூரத்து உடன்பிறப்பு. அதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தது 'கோப்ஃப்', கோப்பையைக் குறித்த சொல், லத்தீன் 'கூப்பா'வின் வழி வந்தது, ஆங்கிலக் கப்பும் அதே கூட்டம். ரைன் ஆற்றுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இரண்டு மொழிகள், ஒன்று ஓட்டை எடுத்தது, இன்னொன்று கோப்பையை எடுத்தது. ஜெர்மன்காரரைக் கெட்டுப்போன ஜெர்மன் பேசுகிறார் என்று யாரும் சொல்வதில்லையே.

நம்மையும் யாரும் சொல்வதில்லை. மண்டை என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். புறநானூற்றில் 235-ஆம் பாட்டு, அதியமான் இறந்தபோது ஔவையார் பாடியது. அவன் மார்பில் தைத்த வேல் எங்கெல்லாம் போனது என்று சொல்லிக்கொண்டே வரும்போது, பாணர்களின் 'அகன்மண்டைத் துளையுரீஇ' என்கிறார். இன்றைய தமிழை மட்டும் தெரிந்த ஒருவர் இதைப் படித்தால் பாவம், வேல் பாணர்களின் மண்டையைத் துளைத்துவிட்டது என்றுதான் நினைப்பார். அங்கே மண்டை என்றால் கலம், பாணர் சோறும் கள்ளும் வாங்கி உண்ட அகன்ற பாத்திரம். கொடுத்தவன் போய்விட்டான், அவர்கள் பாத்திரத்தில் ஓட்டை விழுந்துவிட்டது என்று அழுகிறார் கிழவி. அந்தக் கலத்தின் பெயர்தான் இன்றைக்கு நம் கழுத்துக்கு மேலே இருக்கிறது. வடமொழியில் கபாலமும் அப்படியே, கலம், ஓடு, மண்டை ஓடு மூன்றும் அதற்குள் இருக்கின்றன. ஆக மண்டை ஓடு என்று நாம் சொல்லும்போது தெஸ்தாவை இரண்டு தடவை சொல்கிறோம் என்றே வைத்துக்கொள்ளலாம், ஒரு தடவை கலமாக, ஒரு தடவை ஓடாக. ரோமானியச் சிப்பாய் யாரும் ஔவையார் பக்கத்தில் வந்து கிண்டலடித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, எனக்கு இதில் பிடித்த பகுதியே அதுதான், கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. புதுச்சொல் வந்து உட்கார்ந்தால் பழையது எங்கே போகும்? லத்தீனில் தலைக்குச் சரியான சொல் காபுத். அதிலிருந்து பிரெஞ்சில் வந்தது 'ஷெஃப்'. ஆமாம், தொலைக்காட்சியில் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு வருகிறாரே, அந்த ஷெஃப்தான். அந்தச் சொல்லுக்கு முதலில் கழுத்துக்கு மேலே இருக்கிற தலை என்றுதான் அர்த்தம், அப்புறம் தலைவர், பின்னால் சமையலறைத் தலைவர். பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனபோது சீஃப் ஆனது, பல நூறு வருஷம் கழித்து மறுபடி போனபோது ஷெஃப் ஆனது. சீஃப் இன்ஜினியரும் ஷெஃப்பும் ஒரே தலை, வேறு வேறு கப்பலில் வந்து இறங்கியவர்கள், அவ்வளவுதான்.

இரண்டு சொல்லும் கொஞ்ச காலம் ஒன்றாகவே குடித்தனம் நடத்தியிருக்கின்றன. சுமார் 1100-இல் எழுந்த ரோலாந்தின் பாட்டு பிரெஞ்சின் பழம்பெரும் காவியம். அதன் தொடக்கத்தில் ஒரு மந்திரி தன் அரசனுக்கு யோசனை சொல்கிறான், எதிரியிடம் நம் பிள்ளைகளைப் பிணையாக அனுப்புவோம், நாம் மண்ணை இழப்பதைவிட அவர்கள் தலையை இழப்பது மேல் என்று. கல்நெஞ்சக்காரன். அவனே அதை ஒருமுறை ஷெஃப் என்று சொல்கிறான், பத்துப் பதினைந்து வரி தள்ளி அதே பேச்சைத் திரும்பச் சொல்லும்போது 'தெஸ்தெ' என்கிறான். அர்த்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை, வரி முடிவில் உயிரொலி இயையவேண்டும் என்பதற்காகப் புலவர் எது தோதாக வந்ததோ அதைப் போட்டிருக்கிறார். கெட்டுப்போன சொல் என்றால் காவியத்துக்குள் இப்படிச் சரிசமமாக உட்காருமா?

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். தேத் உடம்பை எடுத்துக்கொண்டது, ஷெஃப் பதவியை எடுத்துக்கொண்டது. மாவட்டத் தலைநகருக்கு பிரெஞ்சில் 'ஷெஃப்-லியூ', தலைசிறந்த படைப்புக்கு 'ஷெ-தூவ்ரு'. வேடிக்கையாகத் தொப்பியைக் குறிக்கிற 'கூவ்ரு-ஷெஃப்', அதாவது தலைமூடி, அதில் பழைய உடம்புத் தலை இன்னும் ஒளிந்திருக்கிறது. ஜெர்மனிலும் இதே பாகப்பிரிவினைதான், வலிப்பது கோப்ஃப், ஆனால் தலைநகர் 'ஹவுப்ட்ஷ்டாட்'. தமிழில் தலை அப்படி எளிதில் இடம் கொடுக்கவில்லை. மண்டை வலிக்கிறது என்றும் சொல்கிறோம், தலை வலிக்கிறது என்றும் சொல்கிறோம், தலைக்கனமும் உண்டு, மண்டைக்கனமும் உண்டு. இன்னும் சண்டை நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் தலைவரை மண்டைவர் என்றோ தலைநகரை மண்டைநகர் என்றோ யாராவது சொல்லிப் பார்க்கட்டும்.

ஆமியான் நகரத்துப் பேராலயத்தில் திருமுழுக்கு யோவானுடையது என்று போற்றப்படும் ஒரு மண்டை ஓடு இருக்கிறது. கான்ஸ்டான்டிநோபிளைச் சிலுவைப் போர்க்காரர்கள் சூறையாடிய பிறகு 1206-இல் அங்கே வந்து சேர்ந்தது. முகத்தின் முன்பக்க எலும்பு மட்டும்தான், அதாவது சுத்தமான தெஸ்தா, அவுசோனியுஸ் சொன்ன அதே பொருள். ஆனால் பிரெஞ்சில் அதை மரியாதையாக யோவானின் ஷெஃப் என்கிறார்கள். வெறும் எலும்புக்குப் பழைய தலை, முடியும் தொப்பியுமாக நடமாடுகிறவனுக்கு ஓடு. சொற்கள் இப்படித்தான் ஆளை மாற்றி வைத்து விளையாடும்.

எழுத்துக்கூட்டலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய தெஸ்தெவில் இருந்த 'ஸ்' எங்கே போனது என்று உங்கள் கட்டுரை வியந்திருந்தது. பேச்சில் அது இடைக்காலத்திலேயே மறைந்துவிட்டது, எழுத்தில் மட்டும் பல நூற்றாண்டு சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது. 1740-இல் பிரெஞ்சு அகாதமி தன் அகராதியின் மூன்றாம் பதிப்பில் அதை எடுத்துவிட்டு, உயிரெழுத்தின் மேல் கூரை மாதிரி ஒரு குறி போட்டது. ஆங்கிலம் அந்த 'ஸ்' உயிரோடு இருந்த காலத்திலேயே சொற்களைக் கடன் வாங்கிவிட்டதால் நம் வாயில் ஃபாரஸ்ட்டும் ஹாஸ்பிடலும் முழுசாக இருக்கின்றன, பிரெஞ்சுக்காரர் வாயில் அவை ஃபோரே, ஒப்பித்தால். கூரைக் குறியை எங்கே பார்த்தாலும் அநேகமாக அதன் கீழே ஒரு 'ஸ்' புதைந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால் பிரெஞ்சு படிக்கிற பிள்ளைகளுக்குப் பாதி வேலை குறையும்.

தேத்தின் பிள்ளைகள் நிறைய. பிடிவாதக்காரன் 'தேத்து', இருவர் தனியாக உட்கார்ந்து பேசுவது 'தேத்-ஆ-தேத்', தவளைக்குஞ்சு 'தேத்தார்'. கடைசியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, நாமும் அதைத் தலைப்பிரட்டை என்றுதானே சொல்கிறோம், தலையைத் தவிர வேறென்ன தெரிகிறது அந்த ஜீவனிடம்.

ஆனால் இந்தக் குடும்பத்தில் நாம் தினமும் புழங்குகிற சொல்லைக் கட்டுரை கோட்டைவிட்டுவிட்டது. டெஸ்ட். ரத்த டெஸ்ட், டிரைவிங் டெஸ்ட், எல்லா டெஸ்ட்டும். பழைய பிரெஞ்சில் 'தெஸ்த்' என்றால் பொற்கொல்லரும் நாணயச்சாலைக்காரரும் பொன் வெள்ளியைப் புடம் போட வைத்திருந்த சின்ன மண்கிண்ணம், தியெஸ்தோ பிறந்த அதே கிளை. சாம்பலும் மண்ணும் சேர்த்துச் செய்வார்கள், பெரும்பாலும் எலும்புச் சாம்பல். சோதிக்க வேண்டிய உலோகத்தை ஈயத்தோடு சேர்த்து அதில் போட்டு உருக்கினால், ஈயமும் மற்ற கலப்பும் கிண்ணத்தின் சுவருக்குள் ஊறி இறங்கிவிடும், நடுவில் பொன்னும் வெள்ளியும் மட்டும் ஒரு மணி மாதிரி உருண்டு மினுங்கி நிற்கும். ஆங்கிலேயர் அந்தக் கிண்ணத்தின் பெயரை வாங்கிக்கொண்டு போய், பின்னால் சோதனைக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சுக்காரர் அதே சொல்லை ஆங்கிலச் சொல் என்று நினைத்துத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

இனி டெஸ்டமென்ட். அதற்கும் தலைக்கும் ஓட்டுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. அது 'தெஸ்திஸ்' என்ற வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, பொருள் சாட்சி. உயில் எழுதும்போது சாட்சி வைப்பார்கள், அதனால் அந்தப் பெயர். எழுத்து ஒன்று போல இருக்கிறது என்பதற்காக இரண்டையும் ஒரே வீட்டில் குடிவைத்தது தவறு. அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்த ஒரு வரிக்காவது திருத்தம் போடுங்கள். இடம் மிச்சம் இருந்தால் பானை என்பதை அடித்துவிட்டு ஓடு என்று எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்